திருப்பக்கூடாத பின்னல்

பிள்ளைகளே, உங்கள் அம்மா கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வார்டு வாசல் வாங்கில் என்னோடு ஒரு லொறி டிரைவர் உட்கார்ந்திருப்பார். தெல்தோட்டைக்காரர். பேரை நான் கேட்கவில்லை. கிரீஸ் ஏறிய தடித்த விரல்களில் நீளமான கொக்கி ஊசியைப் பிடித்து, போனில் பின்னல் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கம்பளி நூல் பின்னுவார். பிறக்கப்போகும் பிள்ளைக்காக அவர் மனைவி தொடங்கிய போர்வை அது. அவள் உள்ளே நினைவில்லாமல் கிடந்தாள்.

அவள் பின்னிய பகுதி முத்து முத்தாகப் புடைத்திருந்தது. இவர் பின்னியதில் முத்தெல்லாம் பின்பக்கம் போயிருந்தது.

"வரிசை முடிஞ்சதும் கை தானா துணியத் திருப்பிருதுங்க. திருப்பக்கூடாதாம். ஊசி நெறைய நூல் கண்ணிய ஏத்திட்டு, வந்த வழியே ரிவர்ஸ்ல எறக்கிட்டு வரணுமாம்."

"லொறிக்காரருக்கு ரிவர்ஸ் தெரியாதாண்ணே?" என்றேன்.

சிரித்தார். "இதப் பாத்தா அவ ஏசித் தள்ளுவா. ஏசுறதுக்காவது முழிக்கட்டும்."

மறுநாள் நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தபோது இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாங்கின் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

போர்வை அங்கேயே, ஊசி நிறையக் கண்ணிகளோடு கிடந்தது. ஊசியை உருவினால் அவிழ்ந்துவிடும். நான் தனியாக உட்கார்ந்து, துணியைத் திருப்பாமல், ஒவ்வொரு கண்ணியாக இறக்கி அந்த வரிசையை முடித்தேன்.