இன்னும் இடம் இருக்கு, வா

இது நடந்தது. யாருக்கு, எங்கே, எப்படி என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். முகாமின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். இழுக்கட்டுமே, நானும் நாலு வார்த்தை கேட்கிறேன் என்கிறாள் மார்லிஸ். அவளுக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

மார்லிஸும் அவள் புருஷன் டுவேனும் வடக்கு டகோட்டாக்காரர்கள். நவம்பர் பிறந்தால் அங்கே மூச்சு விட்டால் மூக்குக்குள்ளேயே உறைந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பலரும் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு, பஸ் நீளத்துக்கு இருக்கிற மோட்டார் ஹோமில் சட்டி பானையோடு ஏறி, அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிட்டார்கள். யூமாவுக்குக் கிழக்கே ஒரு வண்டி முகாம். பனி உருகும்வரை அங்கேதான் சமையல், தூக்கம், சண்டை எல்லாம்.

சண்டைக்குக் குறைச்சலே இல்லை. டுவேன் ஆயுள் முழுக்கத் தானிய லாரி ஓட்டியவன். வண்டி விஷயத்தில் கடவுளே வந்து யோசனை சொன்னாலும் கேட்க மாட்டான். மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள். அவள் போடும் சத்தத்தில் முந்நூறு பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடும். டுவேன் ஒருவன்தான் மசியாதவன். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட, "நீ சொன்னதுதான் சரி" என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் கடைசி இடம். பின்னால் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் சுவர். சுவரைத் தாண்டினால் வறண்ட ஓடை. வாடகை மற்ற இடங்களின் வாடகையில் பாதிதான். அந்த வரிசையில் கழிவுக் குழாய் கிடையாது, அதனால்தான் மலிவு என்றாள் முகாமின் மேலாளர் ட்ரூடி. வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்க் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டு, திரும்ப வந்து, பின்பக்கமாகவே இடத்துக்குள் ஏற்ற வேண்டும்.

மோட்டார் ஹோம் வைத்திருக்கிற எந்தத் தம்பதியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பாதி விவாகரத்து வண்டியைப் பின்பக்கம் எடுக்கும்போதுதான் ஆரம்பிக்கும். புருஷன் ஓட்டுவான். பெண்டாட்டி பின்னால் நின்று வாக்கி டாக்கியில் வா, வா, நிறுத்து என்பாள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பீரும் கையுமாக வேடிக்கை பார்ப்பார்கள்.

வந்த அன்றைக்கே தகராறு. மார்லிஸ் சுவர் ஓரமாக நின்றுகொண்டு, "வா... வா... நிறுத்து!" என்றாள். வண்டி நிற்கவில்லை. "நிறுத்துன்னா நிறுத்து!" என்று வாக்கி டாக்கி ரேடியோவில் கத்தினாள். வண்டி அது பாட்டுக்கு வந்தது. அவள் எகிறிக் குதித்து விலகினாள். சுவர் ஓரமாக வெளியே போட்டிருந்த சாப்பாட்டு மேஜை சடசடவென்று நொறுங்கியது.

டுவேன் இறங்கி வந்தான். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"வா வான்னு கூப்பிட்டு மேஜையில ஏத்திட்டியே!"

"நானா? தொண்டை கிழிய நிறுத்துன்னு கத்தினேன்யா!"

"பொய் சொல்லாத. 'இன்னும் இடம் இருக்கு, வா. உனக்கெல்லாம் சொல்லணுமா டுவேன், உன்னை மாதிரி யாரு ஓட்டுவா'ன்னு கொஞ்சினது யாரு?"

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன்னைக் கொஞ்ச எனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

எதிர் வண்டி ரோலி விழுந்து விழுந்து சிரித்தான். கனடாவின் மனிடோபாவிலிருந்து வந்தவன். ஆட்களைப் போலவே பேசிக் காட்டிக் கிண்டல் செய்வதுதான் அவன் பொழுதுபோக்கு. மாலை நாலு மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குடிக்கிற நேரத்தில், டுவேன் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். "என் பொண்டாட்டிக்கு 'வா'வுக்கும் 'நிறுத்து'க்கும் வித்தியாசம் தெரியாது" என்றான். மார்லிஸ் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று இரவு அவனுக்கு ஆறிப்போன பீன்ஸ்தான்.

அடுத்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் ரேடியோவை அணைத்து, வண்டிக்குள் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டாள். வெறும் கையோடு பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் அவனுக்குத் தெரிகிற மாதிரி, வண்டி பாதி தூரம் வந்ததுமே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தாள். நிறுத்து என்பதற்கு அதுதான் அவர்களுடைய அடையாளம். நின்றதா? இல்லை. சுவரில் போய் இடித்துத்தான் நின்றது.

"என்ன சொன்னேன் இப்ப? சொல்லு, என்ன சொன்னேன்?" என்றாள், அவன் இறங்கியதும்.

"இடம் இருக்கு வான்னே. வேற என்ன சொன்னே?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், மேடையில் கிடந்த ரேடியோவைக் காட்டினாள்.

டுவேன் அதையே பார்த்தான். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவன் முகத்தில் பயம் தெரிந்தது. அப்புறம் பழைய டுவேன் திரும்பிவிட்டான். "எவனோ அதே அலைவரிசையில பேசியிருக்கான். நீ கையை ஒழுங்கா ஆட்டியிருந்தா நான் ஏன் ரேடியோவைக் கேக்கப் போறேன்?"

அவன் தப்பு என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம். டுவேன் வெளியே போயிருந்தான். மார்லிஸ் தனியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்த ரேடியோ, கர்ர்ர்... என்றது.

அதன் விளக்கு எரியவில்லை.

கர்ர்ர்... "வா..."

பெண் குரல். மெதுவாக, இனிப்பாக.

"இன்னும் இடம் இருக்கு, வா..."

மார்லிஸின் கை கத்தியோடு அப்படியே நின்றது. அது அவளுடைய குரல். அவளே பேசுகிறாள்... ஆனால் கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் குழைந்து பேசியதில்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். மார்லிஸுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வரும். ரோலி! அந்தக் கோமாளிதான் தன் குரலில் பேசி விளையாடுகிறான், அணைந்த ரேடியோவில் எப்படிப் பேசினான் என்பதையும் அவனையே கேட்கலாம் என்று முடிவு கட்டினாள். நாலு மணி வட்டத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"ரோலி, என் குரல்ல பேசினா வாயைக் கிழிச்சிடுவேன்."

"நான் எங்க பேசினேன்? உன் குரல் எனக்கு வந்தா நானே பயந்து ஓடிடுவேனே" என்றான் ரோலி. எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அடுத்த தடவை நான் ஓட்டறேன் டுவேன். நீ பின்னால நில்லு. அங்க நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்."

"நீயா? அந்த வண்டியையா?"

"நான்தான்."

அந்த நாளும் வந்தது. பட்டப்பகல், சுள்ளென்று வெயில். ரோலி உட்பட வரிசையே பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டது. தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்து, இடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டுவேன் இறங்கினான். "மரத்தில கிரத்தில ஏத்தி வைக்காத" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனான். மார்லிஸ் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த வண்டிக்கு எஞ்சின் பின்பக்கம். அது உறுமினால் பின்னால் யார் கத்தினாலும் முன்னால் கேட்காது. ரேடியோவும், பின்பக்கக் கேமராவில் தெரிவதைக் காட்டுகிற, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்னத் திரையும்தான் துணை. டுவேன் அந்தத் திரையை ஒரு நாளும் மதித்ததில்லை.

திரையில் டுவேன் தெரிந்தான். வலது பக்கமாக, சுவரிலிருந்து தள்ளி, பத்திரமாக நின்றுகொண்டிருந்தான். கையை ஆட்டினான்.

"வா" என்றது ரேடியோ.

அவள் மெல்ல எடுத்தாள். சரளைக் கற்கள் நறநறத்தன.

"அப்படித்தான். வா..."

வண்டி நேராகப் போனது. அவளுக்கே ஆச்சரியம்.

"அருமையா வர்ற மார்லிஸ். நான் இத்தனை நேரா எடுத்ததில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. இதைக் கேட்க எத்தனை வருஷம்...

"இன்னும் இடம் இருக்கு, வா. நீ சொன்னதுதான் எப்பவும் சரி. நான்தான் கேக்கல."

அவள் கால் பிரேக்கை மிதித்தது.

இவன் டுவேன் இல்லை.

டுவேன் செத்தாலும் இப்படிச் சொல்ல மாட்டான். அவன் திட்டியிருப்பான். வளைக்காதே, முட்டாள், கண்ணாடியைப் பார் என்று இதற்குள் பத்துத் தடவை கத்தியிருப்பான்.

திரையில் அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"ஏன் நின்னுட்டே? வா, கண்ணு."

கண்ணு...

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது. திரை அணையவில்லை. அவன் சிரித்தான். கையை ஆட்டினான்.

நிசப்தம்.

அப்புறம், வண்டிக்குப் பின்னாலிருந்து, நிஜமான குரல்.

"நிறுத்துடி! அடியே, நிறுத்து... காது செவிடா உனக்கு..."

திரையில் இருந்தவனின் உதடு அசையவில்லை.

மார்லிஸ் எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. டுவேன் தரையில் கிடந்தான். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் டயருக்குக் கட்டை வைக்கக் குனிந்தவன், முழங்கால் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். எழ முடியவில்லை. ரேடியோவை வாயில் வைத்துக் கதறியிருக்கிறான். பின்சக்கரத்துக்கும் அவன் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

வலது பக்கம் யாரும் இல்லை. சரளைமேல் வெயில் மட்டும் அடித்தது.

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவனும் அழுதான். "அன்னிக்கு நீ நிஜமாவே நிறுத்துன்னுதான் கத்தினியா மார்லிஸ்?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவனை நிழலில் உட்கார வைத்துவிட்டு, நேராக அலுவலகத்துக்குப் போனாள். கதவை உதைத்துத் திறந்ததாக ட்ரூடி சொல்கிறாள். இருக்கலாம்.

"அந்த இடத்துல யார் செத்தது?"

ட்ரூடி ஒன்றும் தெரியாதவள் போல முழித்தாள். மார்லிஸ் மேஜையில் குத்தினாள். சாவிகள் சிதறின.

"கேக்கறேன்ல? யார் செத்தது?"

"அது விபத்து. நாலு குளிர்காலத்துக்கு முன்னால. அயோவாக்காரர் ஒருத்தர். அவர் சம்சாரம் வண்டியைப் பின்னால எடுத்தாங்க... மேல ஏறிடுச்சு."

"அதை எங்ககிட்ட சொன்னியா?"

"முதலாளி சொல்ல வேண்டாம்னுட்டார்." ட்ரூடி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த அம்மா நோரீன், வருஷா வருஷம் சீசன் ஆரம்பிக்கும்போது போன் பண்ணுவாங்க. அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு அழுவாங்க. இந்த வருஷமும் பண்ணினாங்க."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"வாடகையைக் குறைச்சோம்."

மார்லிஸ் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. நோரீனின் நம்பரை வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து நகர்ந்தாள். பொழுது சாய்வதற்குள் முகாமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். டுவேன் முழங்கால் வலியோடு ஓட்டினான். வழி முழுக்க அவள் ஓட்டுவதற்கு யோசனை சொன்னாள், அவன் எரிந்து விழுந்தான். ஒவ்வொரு தடவை அவன் எரிந்து விழும்போதும் அவளுக்கு உயிர் வந்தது.

மறுநாள் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோது, அவள் நோரீனுக்குப் போன் செய்தாள். தான் யார் என்று சொன்னாள். நடந்ததைச் சொன்னாள்.

"உங்க புருஷன் உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள் நோரீன்.

"இருக்கார். பக்கத்துல உக்காந்து திட்டிக்கிட்டிருக்கார்."

"நீங்க எப்படி நிறுத்தினீங்க?"

"பேச்சு ரொம்ப இனிப்பா இருந்தது. அவர் அப்படிப் பேசற ஆளே இல்ல."

நோரீன் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"போலீஸ்ல சொன்னேன், என் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். ஒருத்தரும் நம்பல. என் பொண்ணு இன்னும் என்கூடப் பேசறதில்ல" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில புத்துநோய். குரல்வளையையே எடுத்துட்டாங்க. ரேடியோ பொத்தானை ஒரு தடவை அழுத்தினா வா, ரெண்டு தடவை அழுத்தினா நிறுத்துன்னு வெச்சிருந்தோம். அதுவரைக்கும் மூணு வருஷமா அவர் குரலையே நான் கேக்கல. அன்னிக்கு ரேடியோவில பேசினார்ம்மா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடுவுல டக் டக்னு ரெண்டு தடவை கேட்டுது, கேக்காம இல்ல. ஆனா நான் வண்டியை நிறுத்தினா, அவர் பேச்சும் நின்னுடுமேன்னு இருந்தது."