வெண்கலத் தட்டில் கலந்த தோட்டாக்கள்

"தவக்காலத்தின் முதல் சனி, மாலை. ஒரு வெடி. மான் விழவில்லை. சன்னம் போன இடம் தெரியவில்லை."

வேட்டைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் நான் எழுதி வைக்கும் குறிப்புகளில் சென்ற ஆண்டுக்குரிய ஒன்று இது. என் மனைவியின் தம்பியைச் சுட்டுக் கொன்றுவிட்டேன் என்று நான் நம்பிய நேரமும் இந்த வரிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

சகோதரங்களே, மன்னாரில் போரின் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த நான், லண்டனுக்கு வந்து துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருக்க அனுமதி எடுத்தேன் என்றால் பலர் சிரிக்கிறார்கள். எசெக்ஸில் ஒரு பண்ணைக்காரர், பயிரைத் தின்னும் மான்களைக் குறைக்க எங்களுக்கு இடம் தந்திருக்கிறார். இறைச்சியில் பாதி எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த மக்களின் வீடுகளுக்குப் போகிறது.

எனக்குப் பிடித்த தோட்டா 308. மான் வதையாமல் ஒரே வெடியில் விழ வேண்டும் என்பதே என் கவலை, அதில் அது என்னைக் கைவிட்டதில்லை. என் மைத்துனன் ஜெறோமுக்குப் பிடித்தது 243. அதன் சன்னம், அதாவது பறந்து போகும் குண்டு, மெல்லியது, துவக்கும் தோளில் அதிகம் உதைக்காது. நான் வாசித்த வரையில், 308 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கித்தான் 243 பிறந்தது. உடம்பு ஒன்று, கழுத்துத்தான் வேறு. அதனால் பெரியது சிறியதன் துவக்குக்குள் போகாது. சிறியதோ பெரியதன் துவக்குக்குள் போகும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அகலமான குழாயில் மெல்லிய சன்னம் பிடிப்பில்லாமல் எங்கேயும் பறக்கும்.

லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேட்டை நாள் காலையில் பார்க்கிங் என்ற பக்கத்துப் பகுதியிலிருந்து ஜெறோம் வருவான். அன்றைக்கு வேண்டிய தோட்டாக்களை இருவரும் எங்கள் மன்னார் மண்ணின் மடு மாதா சுரூபச் சிலைக்கு முன்னால் ஒரு வெண்கலத் தட்டில் வைத்து, எங்கள் கையால் எந்த மனிதருக்கும் தீங்கு வரக் கூடாது என்று மன்றாடுவோம். பிறகு அவரவர் பங்கை எடுப்போம்.

"லண்டனில மாதாவுக்கு முன்னால தோட்டா படைக்கிற வீடு இது ஒண்டுதான்," என்றாள் மனைவி ஸ்ரெல்லா. "சேர்ச்சில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"மான் பிரட்டல் சாப்பிடேக்க இந்த வெக்கம் எங்க அக்கா போறது?" என்றான் ஜெறோம்.

சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து எடுத்தோம். சிரித்தபடியால் எது எவருடையது என்று பார்க்கவில்லை.

பண்ணையில் எங்களுக்கு இரண்டு ஏணிப்பரண்கள். வயலின் ஒரு கரையில் நான், வலப்பக்கம் வேலிக்கு அப்பால் அவன். தொலைபேசியில் சொல்லாமல் யாரும் பரணை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான் ஏறும்போதே ஒரு பெண் மான் வயலுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் சன்னத்தைத் தாங்க உயரமான மண்மேடு. கண் மானில் இருக்க, விரல்கள் பழக்கத்தில் துவக்கை நிரப்பின. குறி பார்த்தேன். விசையை இழுத்தேன்.

சத்தம் பிழையாக இருந்தது. என் துவக்கின் குரல் எனக்குத் தெரியும், இது அதுவல்ல. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. மண்மேட்டில் புழுதி எழவில்லை. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதை வெளியே எடுத்தேன். அதன் கழுத்து வீங்கியிருந்தது. அடியில் 243 என்றிருந்தது.

சத்தத்தை அணைத்து வைத்திருந்த தொலைபேசியைப் பார்த்தேன். வெடிக்கு முன்பே ஜெறோம் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறான். நான் அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. தொலைநோக்கியால் அவன் பரணைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது.

இறங்கி ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், எதிர்க்காற்று குரலைத் திருப்பித் தந்தது. ஸ்ரெல்லாவுக்கு என்ன சொல்வேன்? மன்னாரில் எந்தச் சாவுக்குத் தப்பி அவள் வீட்டார் அவனைத் தூக்கி வந்தார்களோ, அதே சாவை நானே கொடுத்துவிட்டேனா? எனக்குச் செபம் மறந்துபோனது. "தாயே, அவனைத் தா" என்பது மட்டும் வந்தது. அதையே சொல்லிக்கொண்டு வேலியோரம் போனேன்.

"அத்தான்! துவக்கு கையில இருக்கோ?"

வேலியோர வாய்க்காலுக்குள் இருந்து வந்தது குரல்.

"இல்லையடா! பரணில வச்சிட்டன்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

"அப்ப எழும்புறன்."

தலை முதல் கால் வரை சேறாக எழும்பினான். கையை விரித்தான். உள்ளங்கையில் ஒரு 308. "இது என்ர துவக்குக்குள்ள போகேல்லை. அப்ப என்ர ஒண்டு உங்களிட்ட எண்டு விளங்கீட்டுது. போன் அடிச்சன், நீங்கள் எடுக்கேல்லை. போனையும் போட்டிட்டு ஓடி வந்தனான். வாய்க்காலில சறுக்கி முழங்காலில விழுந்தன், அந்த நேரம் வெடிச்சுது. தலைக்கு மேலால என்னவோ சீலை கிழிஞ்ச மாதிரிப் போச்சு, அத்தான்."

"முழங்காலில நிண்டனியோ?"

"கும்பிட இல்லை. சேறு."

நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். வேலியோரம் "அவனைத் தா" என்று நான் கேட்பதற்கு முன்பே, அவன் சறுக்கிய அந்தச் சேற்றில் உதவி வந்திருந்தது. காலையில் தட்டுக்கு முன்னால் சிரிப்போடு கேட்ட மன்றாட்டை மாதா அம்மா சிரிப்பாக எடுக்கவில்லை. எங்கள் பிழை அந்தத் தட்டில்தான் பிறந்தது. எங்கள் செபமும் அதே தட்டுக்கு முன்னால்தான் கேட்கப்பட்டது.

இப்போது அந்தத் தட்டை வெறுமையாகவே வைக்கிறோம். வெறுங்கையோடு மன்றாடுகிறோம். பரணில் ஏறுமுன், அவரவர் பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் ஒருவருக்கொருவர் சத்தமாக வாசித்துக் காட்டுகிறோம். அதுவும் எங்களுக்கு, கோவிலில் மாறி மாறிச் சொல்லும் ஒரு மன்றாட்டுமாலை போல ஆகிவிட்டது. எனக்குப் பிடித்த தோட்டா எது என்று கேட்டால், ஜெறோம் வாசித்துச் சரி சொன்னது என்கிறேன்.

உங்கள் வீட்டிலும் அவசரத்தில், பாதி மனத்தோடு சொல்லும் செபம் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். அம்மா அதையும் முழுதாகக் கேட்கிறார். கேட்டதற்கு நானும் ஜெறோமும் சாட்சி.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பண்ணைக்காரரும் நானும் மண்மேட்டையும் வேலியையும் இரண்டு முறை தேடினோம். சன்னம் கிடைக்கவில்லை. அது தலைக்கு மேலால் போனது என்பது ஜெறோமின் சொல் மட்டுமே. நான் அதை நம்புகிறேன். ஆனால் என் குறிப்பில் சன்னம் பற்றிய அந்த வரிக்கு எதிரே இன்றும் இருப்பது: "உறுதிப்படுத்தப்படவில்லை."