தாலி ஏற்றி வந்த கார்

நேற்று பீளமேட்டில், தரையில் சிந்திய பெட்ரோலை ஒருவர் ஈரச்சாக்கால் துடைத்தார். அந்த வாசனை, விமானப்படையில் இருபது வருடம் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்ற என்னை, கொடுமுடி சாலையில் இருந்த ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. தென்னங்கீற்றுக் கூரையும், ஆயில் குடித்துக் கறுத்த மண்ணும், பகலெல்லாம் கரகரத்த ரேடியோவுமாக இருந்த அந்த ஷெட், சாலையை அகலப்படுத்தியபோது தாருக்கடியில் போனது.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை. அம்மாவின் தம்பியான என் மாமாவின் கல்யாணத்துக்குத் தாலியுடன் போன எங்கள் பழைய கார் அந்த ஷெட் வாசலில் நின்றுவிட்டது. முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரமே இருந்தது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்கவில்லை. இதற்கான நடைமுறை ஈரத்துணியும் கொஞ்சம் பொறுமையும்தான். மெக்கானிக் துணியை நனைத்துப் பம்ப் மேல் போட்டார். "பத்து நிமிசம் ஆறட்டுங்க. வாரனுங்க" என்று சைக்கிளில் ஏறிப் போனார்.

எங்கள் பக்கம் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அது தெரிந்தும், அப்பா அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தார். துணி காய்ந்தது, நனைத்தார், மறுபடி காய்ந்தது.

"ஏனுங்க, சாவியத் திருப்பித்தான் பாருங்களே" என்றார் அம்மா.

"அவரு வாரேன்னு சொன்னாருல்ல அம்மணி. கேக்காம எடுத்தா மரியாதையா இருக்குமா?"

அரை மணி கழித்து, அம்மாவே பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

மண்டப வாசலுக்கே மாலையோடு ஓடி வந்த மாமாவிடம் அப்பா, "வண்டி சூடாயிருச்சுங்க மச்சான்" என்றார்.

"வண்டியெல்லாம் அப்பவே ஆறிப்போச்சுடா" என்று தாலியை நீட்டினார் அம்மா. "நாந்தான் இன்னும் ஆறல."