கருப்பட்டியில் பல் போன பேனாக்கத்தி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, என் கணவரின் பேனாக்கத்தியை அம்மியின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தேன். ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்க வேண்டும். தடித்த அலகு பழத்தை அறுக்காமல் நசுக்கியது. இருபுறமும் தேய்த்து மெலிதாக்கியதும் பிசிறில்லாமல் அறுத்தது. பெருமையோடு கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மாலையில் காபிக்குக் கருப்பட்டி உடைக்க அதையேதான் அவர் எடுத்தார். தடித்த அலகாக இருந்தவரை ஆப்பு மாதிரி இறங்கிப் பிளக்கும். இன்று விளிம்பு பல் பல்லாகப் பெயர்ந்துவிட்டது.

போன வருஷம் கொழுந்தனார் கொழும்பிலிருந்து வாங்கிவந்து கொடுத்த கத்தி. ஊருக்கு வந்திருக்கும் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கொழும்புச் சரக்குன்னு பீத்துனியேலே, கருப்பட்டிக்கே பல்லு போச்சே" என்று நாத்தனார் சிரித்தார்.

கொழுந்தனாரின் முகம் சிறுத்துவிட்டது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்க்கா. நாளைக்குப் போறேன்ல, அவன் மூஞ்சியிலேயே வீசுறேன்."

கல்லூரியில் மேடையேறிப் பேசியவள் நான். காபியை ஆற்றிக்கொண்டே நின்றேன்.

நாளை கொழுந்தனார் கொழும்புக் கப்பலுக்குக் கிளம்புமுன், நாத்தனாரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிடப் போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்கள் யாரும் முந்திக்கொள்ளாதீர்கள்.