வெட்டியெடுத்த கதவு

பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ஒரு பெரிய சுருளில் மிஞ்சிய ஒரு முழ நீளச் சினிமாத் துண்டு வைத்திருக்கிறேன். டின்னைத் திறந்தால் பழைய பிலிம் கெட்டுப்போன காடி வாடை அடிக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கட்டத்துக்குக் கட்டம் ஒரே படம்தான்: சாத்திய கதவு, அதன் தாழ்ப்பாள், பக்கத்தில் ஒரு சிமினி விளக்கு. இதில் என்ன இருக்கிறது என்று என் பேரன் கேட்கிறான். அதையே கேட்டுத்தான் எங்கள் மேனேஜரும் இதை வெட்டச் சொன்னார். வெட்டிய கை என்னுடையது.

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டு ஹட்டன் டவுனில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டராக இருந்தேன். மேனேஜர் முதலாளியின் மச்சினன்; அந்த ஒரு தகுதியைத் தவிர வேறெதையும் அவரிடம் நான் கண்டதில்லை. ஒரு படத்தைக்கூட முழுதாக உட்கார்ந்து பார்த்தவரில்லை. வராந்தாவில் நின்று தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருப்பார். உள்ளே விசிலும் கூச்சலும் கேட்டால் நல்ல படம், கேட்காவிட்டால் மட்டமான படம். "சனம் சும்மா இருந்தா படம் படுத்துருச்சுன்னு அர்த்தம்யா" என்று புது வேலையாள் ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுப்பார். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பதினைந்து வருடம் ஒரு தியேட்டரை நடத்தினார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பேய்ப்படம் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. சுருள் கிழிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சனிக்கிழமை காலையில் ஓட்டினேன். கீழே கொட்டாவி விட்டபடி மேனேஜர். பெஞ்சுகளுக்கு நடுவே விளக்குமாறோடு கூட்டுகிற அக்கா. அக்கா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர். வலது கையில் வாதம் வந்து கொழுந்தெடுக்க முடியாமல் போய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் வெட்டுப்பட்ட பிறகு எங்களிடம் வேலைக்கு வந்தார். பேர் போனதோடு லயத்தில் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போய்விட்டது.

கதை ஒன்றும் புதிதில்லை. மூத்தவள் செத்துப்போன வீட்டுக்கு இளையவள் வாழ வருகிறாள். ஆனால் எடுத்தவன் ஆள் விவரமானவன். பேயைக் காட்டவே அவனுக்கு அவசரமில்லை. இளையவள் அடுப்படியில் தனியாகச் சோறு தின்கிறாள். பின்னால் கதவு. கேமரா அந்தக் கதவை விட்டு நகரவில்லை. பாட்டு, வாத்தியம் எதுவும் கிடையாது. எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் ஒரு இடத்தில் நின்றுபோகிறது. அவ்வளவுதான். தாழ்ப்பாள் அசைந்ததா இல்லையா என்று பார்த்துப் பார்த்து நமக்கே கண் கடுக்கத் தொடங்கும்போது அவளாகவே எழுந்து போய்த் திறக்கிறாள். வாசலில் வெள்ளைச் சேலையில் மூத்தவள், "உள்ள வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நூறு பேய்ப்படம் ஓட்டியவன் நான். எனக்கு முதுகு சில்லிட்டது. புரொஜெக்டர் அறை ஓட்டை வழியே கீழே பார்த்தேன். அக்கா விளக்குமாற்றை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மேனேஜர் மேலே ஏறி வந்தார். "மூணு நிமிசமா கதவையே காட்டுறானே, இவன் படம் எடுத்தானா, தச்சு வேல பாத்தானா? வெட்டிருய்யா. பேய் வெரசா வரட்டும்."

"சார், அந்தக் கதவு இல்லாட்டி பேய் எடுபடாதுங்க."

"ஒனக்குப் பதிலா வேற ஆப்பரேட்டர் கெடைப்பான்" என்றார் அவர், காதிலிருந்த குச்சியை எடுக்காமலேயே. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நேத்து லயத்துல அந்தக் கதவு கதயச் சொன்னேன் தம்பி. அத்தன பேரும் சுத்தி ஒக்காந்து கேட்டாளுங்க. எம் பேச்ச யாரு இப்பிடிக் கேட்டா, சொல்லுங்க? எல்லாரும் மேட்னிக்கு வாராளுங்க. இனிமே ஒருத்தியும் தனியா கதவத் தொறக்க மாட்டா, பாருங்க." ஷோவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வெட்டிய சுருள் என் மேசை மீதே கிடந்தது. ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். நான் டீ குடிக்கப் போனேன்.

மேட்னியில் இளையவள் சோற்றில் கை வைத்தாள், உடனே கதவு திறந்தது, பேய் நின்றது. அதே நடிகை, அதே சேலை, அதே குரல். "உள்ள வரட்டுமா?" என்று அது கேட்டதும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "என்னம்மா, ஒரு கை உப்பு வேணுமா?" என்று கத்தினான். தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு, விசில். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாய்யா, சனம் எப்பிடி ரசிக்குது!" என்று மேலே வந்து என் முதுகில் தட்டினார். அந்த மடையனுக்குப் பயத்துக்கும் பரிகாசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் கேட்டது, அது போதும்.

படம் விட்டதும் லயத்துப் பெண்கள் வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். "இதுக்கா அக்கா அந்த நடுக்கம் நடுங்குனீங்க? வாதம் கையிலதான்னு நெனச்சோம், மண்டைக்கும் ஏறிருச்சு போல!" சிரித்துக்கொண்டே மழையில் நடந்தார்கள். அக்கா படியேறி என் அறை வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நேத்து அந்தக் கதவு ரொம்ப நேரம் இருந்துச்சே. வெட்டிட்டாங்களா?"

மேனேஜர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். "இல்லக்கா, நேத்து ஓடுனதுதான் இன்னைக்கும் ஓடுச்சு" என்றேன். "அப்ப எனக்குத்தான் புத்தி கலங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா விளக்குமாற்றை எடுக்கப் போனார். அதன்பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. படம் கதவில்லாமலேயே அடுத்த ஊருக்குப் போனது.

இன்று பேரன் பார்க்கிற பேய்ப்படங்களில் நிமிடத்துக்கு ஒரு பேய் வருகிறது, காது கிழிகிறது. எல்லாம் எங்கள் மேனேஜரின் சீடர்கள் எடுத்த மாதிரியே இருக்கின்றன. அவரை வாய் வலிக்க ஏசலாம்; இத்தனை நேரம் அதைத்தான் செய்தேன். ஆனால் அவர் செய்தது வெறும் முட்டாள்தனம். அந்தக் கதவின் அருமை தெரிந்த இரண்டே பேர் நானும் அக்காவும்தான். அதில் ஒருவனான நான் மற்றவரைப் பைத்தியமாக்கினேன்.

துண்டை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கதவு சாத்தியே இருக்கிறது. வெட்டிட்டாங்களா என்றுதான் அக்கா கேட்டார். நான்தாங்கக்கா வெட்டுனேன் என்று சொல்ல இன்று எனக்குப் பயமில்லை. கேட்கத்தான் அவர் இல்லை.