மூன்றாம் கம்பத்தில் அப்பா

பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை செய்தேன். எத்தனையோ விளையாட்டுகளை வேலியோரம் நின்று பார்த்தேன். பந்தை மதிலுக்கு அப்பால் அடித்துவிட்டு ஓடாமல் நின்ற ஆளை ஒரே ஒரு தரம்தான் கண்டேன். அது என் அப்பா.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் அப்போது அப்படித்தான் கிடந்தன. அமைச்சர் மட்டத்திலேயே வேண்டுமென்றே கிடத்தி வைத்தார்கள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. கோடை லீவுக்குப் பிறகு அம்மா வருவா என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். முந்திய கோடையிலும் அதையேதான் சொன்னேன். என் மேசையில் கூட இருந்தவள் ஒருநாள், உனக்கு அம்மாவே இல்லை என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

லீவு விடுகிற நாளில் பெற்றோரும் பிள்ளைகளும் ருண்ட்போல் ஆடுவது பள்ளிக்கூட வழக்கம். பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு விளையாட்டு. அடித்ததும் மட்டையை எறிந்துவிட்டு, மூன்று கம்பங்களையும் சுற்றி ஓடி, தொடங்கிய இடத்துக்கு வந்தால் ஒரு புள்ளி. பந்து எறிகிறவர் கைக்குத் திரும்பும்போது வழியில் அகப்பட்டால் செத்தாய். கம்பத்தைப் பிடித்து நின்றால் பிழைத்தாய்.

அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் வந்தார்.

"அம்மா வாறா எண்டு என்ர மேசைக்காரியிட்ட நீங்களே சொல்லுங்கோ" என்று முதல் நாளே கேட்டிருந்தேன்.

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்றிருந்தார்.

முதல் பந்தே மதிலுக்கு அப்பால் போனது. அப்பா மட்டையை ஊன்றி, சிரித்தபடி நின்றார். கிரிக்கெட் ஆடி வளர்ந்த ஆள். சிக்ஸ் அடித்தவன் எதற்கு ஓடவேண்டும்? எல்லோரும் கத்தினார்கள். பிறகு ஓடினார், மட்டையோடு. ஒவ்வொரு கம்பத்தடியிலும் குனிந்து, மட்டையால் நிலத்தைத் தட்டிவிட்டு ஓடினார். தாய்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் பந்து திரும்பி வர, மூன்றாம் கம்பத்தில் நின்றுவிட்டார்.

அதன்பிறகு அசையவில்லை. மற்றப் பெற்றோர் ஓடிவந்து, அவர் பக்கத்தில் மூச்சு வாங்கி, அவரைத் தாண்டிப் போனார்கள். அங்கே பந்து பொறுக்க நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓடுங்கோவன் அப்பா."

"பந்து அவையின்ர கையிலயெல்லோ கிடக்கு."

"என்னட்ட வந்தா நான் எறியமாட்டன். மெல்லமா எடுக்கிறன்."

"அப்பிடிச் செய்யக்கூடாது. வெளிக்கிட்டுப் பிடிபட்டா வெளியில விட்டிடுவினம். நிண்டா ஒண்டும் செய்யேலாது."

மணி அடித்தபோதும் அங்கேயே நின்றார்.

மேசைக்காரி நேரே அவரிடம் போனாள். இவளுடைய அம்மா எப்போது வருவா என்று டேனிஷில் கேட்டாள். அவர் தடுமாறினால் நான் இரண்டு வருடப் பொய்க்காரி. அப்பாவுக்கு டேனிஷ் வராது. பஸ்ஸில்கூட விரலைக் காட்டித்தான் டிக்கெட் எடுப்பார்.

"ஸ்னாட்" என்றார். விரைவில் என்று அர்த்தம். அந்த மண்ணில் பிறந்தவர் போல, அவ்வளவு சுத்தமாக வந்தது.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். வாராவாரம் வேலை முடிந்த கையோடு அவர் விசாக் கந்தோர் யன்னலுக்கு முன்னால் போய் நின்றதும், அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே பதில் அந்தச் சொல்தான் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.