மேலிருந்து வரவேண்டிய சொல்

முத்தையா அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் வந்து சொன்னபோது, நான் புத்தூரில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன்.

"கடைசியா 'கட்டியாச்சு, கட்டியாச்சு'ன்னாங்க, சித்தப்பா. குரல் அப்பாவோடது மாதிரியே இல்ல. எதைக் கட்டினாங்க?"

பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டேன்.

அண்ணனும் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் போகும் டெலிபோன் கம்பியைப் பார்த்துக்கொண்டவர்கள். கம்பத்தின் உச்சியில் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதன் கழுத்தோடு கம்பியைச் சேர்த்து இறுக்கிக் கட்டவேண்டும். மேலே இருப்பவர் முடித்ததும் "கட்டியாச்சு" என்பார். கீழே நிற்பவர் "இறங்கு" என்பார். அதைக் கேட்காமல் யாரும் இறங்குவதில்லை.

எனக்கு முன்னால் அண்ணனுக்குத் துணையாக இருந்தவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி ராசு. கொள்ளிடக்கரைக் கம்பத்தில் பாதி கட்டிக்கொண்டிருக்கும்போதே தவறி விழுந்து இறந்துபோனான். அன்றைக்குக் கீழே நின்றவர் அண்ணன்தான். பிறகு அந்தப் பாதிக் கட்டை அவர் யாரையும் தொடவிடவில்லை. காற்றடித்தால் தளர்ந்த கம்பி குமிழில் உரசி முனகும். சமயபுரம் போகிற பெண்கள் அது ஆத்தாவின் குரலென்று நின்று கும்பிடுவார்கள்.

"ஆத்தா என்ன சொல்றா, அண்ணே?"

"டிரங்கு கால் போட்டிருக்கா. உங்க ஊர்லதான் எடுக்க ஆளில்ல."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனதும் அண்ணன் கம்பத்தில் காதை வைத்துக்கொள்வார்.

ஆடிக் காற்றில் அந்த லைனில் பேச்சே கேட்காமல் போனது. வேறு ஆளை ஏற்றிக் கட்டப்போவதாக மேஸ்திரி சொன்னார். "வேற கை படவேணாம்" என்று அண்ணனே ஏறினார். முனகல் நின்றது. கீழே நான் காத்து நின்றேன். அவர் "கட்டியாச்சு" என்று சொல்லாமலே இறங்கி வந்தார்.

"ஏண்ணே, சொல்லலையே?"

"அது அவன் கட்டுப்பா. அவன்தான் சொல்லணும். அவன் இன்னும் மேலதான் இருக்கான்."

அதன்பின் எத்தனையோ கம்பங்கள் ஏறினார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை. முடிந்ததும் குமிழை விரலால் சுண்டுவார். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் "இறங்குங்க" என்பேன்.

நேற்று கொள்ளிடத்துக்குக் கொண்டுபோகும்போது பாடையை ராசு விழுந்த கம்பத்தடியில் இறக்கச் சொன்னேன். நல்ல காற்று. கம்பி ஆடியது, சத்தமில்லை. குமிழில் வெயில் நின்றது. மகன் என் முகத்தையே பார்த்தான். மேலிருந்து வரவேண்டிய சொல், அண்ணன் வாயிலேயே வந்துவிட்டது. யார் குரலில் வந்ததோ, எனக்குத் தெரியாது. பதில் சொல்லக் கீழே நான்தான் இருக்கிறேன்.

அண்ணாந்து, உரக்கவே சொன்னேன்:

"இறங்குங்கண்ணே. ரெண்டு பேரும் இறங்குங்க."